பீச்சாங்கால் முன்னே

ரேணுகாதேவியின் டிரைவிங் ஸ்கூலில் முதல் பாடம் காருக்குள் ஏறுவது. கிளட்சும் கியரும் அதற்கப்புறம்தான். பாளையம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஓர் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஸ்கூல். காலேஜ் முடித்த பையன் வந்தாலும் சரி, கல்யாணம் முடிந்து ஊருக்கு வந்த மருமகள் வந்தாலும் சரி, பழைய வெள்ளைக் காரின் டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் சொல்வது ஒன்றேதான்.

"சோத்தாங்கால வச்சு ஏறுங்க."

சோறு தின்கிற கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கால் சோத்தாங்கால், மற்றது பீச்சாங்கால். வலது, இடது என்று எழுதிப் பரீட்சை பாஸ் செய்தவர்கள்கூட அவசரத்துக்கு இந்தப் பெயர்களைத்தான் நம்புவார்கள்.

சொல்வது எளிது. நம் ஊர்க் காரில் டிரைவர் கதவு வலப்பக்கம். கதவருகே நிற்கிறவருக்குக் காரை ஒட்டி இருப்பது இடது கால். அதை உள்ளே விட்டு, உட்கார்ந்து, வலது காலைப் பிறகு இழுத்துக்கொள்வதுதான் உடம்பு கேட்கிற வழி. வலது காலை முதலில் வைத்தே தீர வேண்டுமென்றால் இடுப்பை ஒரு திருகு திருகி, முழங்காலை ஸ்டியரிங்கில் ஓர் இடி இடித்து, தலையைக் குனிந்து உள்ளே விழ வேண்டும். அப்படி விழுந்து எழுந்து, நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டு போனவர்கள் பாலவனத்தம் முதல் காரியாபட்டி வரை இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் படித்தவர்கள் என்பது வண்டியில் ஏறும்போதே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் ரேணுகாதேவி சகுனம் பார்க்கிறவள் இல்லை. ராகு காலத்தில் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆள் கூட்டிப் போவாள். கூட்டம் குறைவு என்பாள். புது வண்டியின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் ஒரு டம்ளர் ஜூஸ் வீண் என்பாள். வலது கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அது சகுனம் இல்லையாம், ஒழுங்காம். மூட நம்பிக்கை என்பது மற்றவர்கள் வைத்திருப்பது.

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. அவளிடம் சேர்ந்தவர்கள் யாரும் பாதியில் நின்றதில்லை. அழுதவர்கள் உண்டு, கோழியை அடித்தவர்கள் உண்டு, பெட்டிக்கடையின் தட்டியைச் சாய்த்தவர் ஒருவர் உண்டு. எல்லோரும் கடைசியில் லைசென்ஸோடுதான் போனார்கள். அந்தப் பெருமைக்கு வந்து சேர்ந்த சோதனைதான் அமுதவள்ளி டீச்சர்.

அமுதவள்ளி டீச்சர் திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனவர். அந்த ஊர்ப் பஸ் வந்தால் வரும். ஐம்பதைத் தாண்டிய வயதில் கார் வாங்கி, ஓட்டப் பழக வந்தார். வலது முழங்காலில் வலி. சோத்தாங்கால் சட்டத்தின்படி ஏறி உட்காரும்போதே முகம் ஒரு கோணல் கோணும். ரேணுகாதேவி அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சீமையில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது கண்மாய்க் கரை. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பதை அவள் அங்கேதான் சொல்லிக்கொடுப்பாள். பொங்கல் கழிந்த ஒரு காலையில் டீச்சர் அங்கே நிறுத்தினார். எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. ரேணுகாதேவி தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். மறுபடி எடுத்தார், மறுபடி உருண்டது. தண்ணிக்கு இறங்கப் போன ஆடுகள் நின்று பார்த்தன.

"சிம்பிள் டீச்சர். இதுல என்ன இருக்கு? இம்புட்டுப் பயந்தா எப்படி?" என்றாள் ரேணுகாதேவி.

டீச்சர் இஞ்சினை அணைத்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை; உயர்த்தாமலே ஒரு பள்ளிக்கூடத்தை அடக்கி வைத்திருக்கிறவர்.

"ஏம்மா ரேணுகா, நீ கடைசியா புதுசா ஒண்ணு கத்துக்கிட்டு எத்தன வருசம் ஆச்சு?"

டீச்சர் கீழே இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பொறுமையாகச் சாத்தினார்.

"ஒனக்குச் சுத்தமாத் தெரியாத ஒண்ணப் போயிக் கத்துக்க. விழாம செஞ்சு காட்டு, வீடியோ அனுப்பு. அன்னைக்கு வாரேன்."

அப்படியே கரையிறங்கி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ரேணுகாதேவி அந்தக் காலை வகுப்பின் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் அது டீச்சர் நேரம் என்றாள். வராத ஆளுக்கு நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று யோசித்தாள். சைக்கிள், பைக், டிராக்டர் எல்லாம் ஓட்டுவாள். நீச்சல் தெரியாது, ஆனால் கண்மாயில் இருந்த தண்ணீர் ஆட்டுக்கே முழங்கால் அளவு. ஊருக்குள் தெரியாதது என்று எதுவும் மிச்சமில்லை. தெரியாததற்கு வெளியூர்தான் போக வேண்டும்.

வெளியூரை அவள் கணவர் ஜெகதீஸ்வரன் கொண்டுவந்து சேர்த்தார். தபால் துறைக்காரர். அவருக்குப் பயணம் பிடிக்காது. பயணச் சலுகை வீணாய்ப் போவது அதைவிடப் பிடிக்காது. சலுகை காலாவதி ஆகப் போகிறது என்று ஆபீசில் யாரோ சொன்ன அன்றைக்கே, அதில் போகக்கூடிய மிகத் தூரமான இடம் எது என்று விசாரித்து, குல்மார்க் என்று முடிவு செய்தார். அதுவரை அவருக்குத் தெரிந்த குளிர் ஏ.டி.எம். அறையின் குளிர்.

குல்மார்க்கில் இறங்கியதும் அவர் காதுவரை குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு, பனி மைதானத்தின் ஓரத்து டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பற்றினார். ஊருக்குப் புறப்படும்வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது. ரேணுகாதேவி நின்று பார்த்தாள். சின்னச் சரிவு ஒன்றில் சிலர் காலில் இரட்டைக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வழுக்கினார்கள். சிலர் ஒரே பலகையின்மேல் குறுக்காக நின்று வழுக்கினார்கள். அடியில் சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. சரிவின் உயரம் கண்மாய்க் கரையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அவளுக்கு அதைப் பார்த்ததும் டீச்சர் ஞாபகம் வந்தது.

"மேலருந்து அந்தக் கொடி வரைக்கும் விழாம வரணும். நீங்க வீடியோ எடுக்கணும்," என்றாள்.

"இங்க வந்துமா?" என்றார் ஜெகதீஸ்வரன். மேற்கொண்டு வாதாடினால் நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்கும் என்பதால் சம்மதித்தார்.

பலகையைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். இரட்டைக் கட்டை என்றால் ஒரு கால் ஒரு பக்கம், மறு கால் மறு பக்கம் போய்விடும். ஒரே பலகையில் ரெண்டு காலையும் கட்டிவிட்டால் எங்கே போனாலும் சேர்ந்துதானே போகும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரி. சேர்ந்து விழும் என்பதை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

கற்றுக்கொடுக்க வந்தவன் பெயர் இம்தியாஸ். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, ஒல்லியான இளைஞன். இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் கலந்து பேசினான். பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துதான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். ஆகவே முதல் கேள்வியாக, "விச் ஃபுட் ஃபர்ஸ்ட், ஆண்டி?" என்று கேட்டான்.

ரேணுகாதேவிக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. இது ஒரு கேள்வியா? திருச்சுழியில் மாமியார் வீட்டு வாசலில், குத்துவிளக்கின் முன்னால், ஊரே கூடி நின்று பதில் சொல்லிக் கொடுத்த கேள்வி.

"ரைட்," என்றாள்.

"கூஃபி!" என்று சிரித்துவிட்டு, அவன் வலது காலை முன்பட்டையில் வைத்துக் கட்டிவிட்டான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கணவரைக் கேட்டாள். அவர் போனில் தேடிப் பார்த்து, பலகையில் இடது கால் முன்னால் இருந்தால் ஒழுங்கு, வலது கால் முன்னால் இருந்தால் கிறுக்கு, அப்படித்தான் உலகத்தில் சொல்கிறார்களாம் என்றார். உலகத்தைப் பற்றி ரேணுகாதேவிக்கு இருந்த அபிப்பிராயம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

பிறகு விழத் தொடங்கினாள். முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், நின்ற இடத்திலேயே ஒருவரும் தொடாமல் விழுந்தாள். பனி பஞ்சு மாதிரி இருக்கும் என்று ஊரில் சொல்லி அனுப்பியவர்கள் பனிமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்தவர்கள். பலர் நடந்து இறுகிய பனி, சித்திரை மாதத்துக் கரிசல் கட்டிக்குக் குறைந்தது இல்லை. ஒவ்வொரு முறை அவள் எழும்போதும் இம்தியாஸ், "சிம்பிள் ஆண்டி, வெரி சிம்பிள். டோன்ட் ஃபியர்," என்றான். அந்தச் சொல் இவ்வளவு எரிச்சல் தரக்கூடியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் பயப்படவே இல்லை. இடுப்புதான் வலித்தது.

சரிவில் இறங்கும்போது அவன் கூடவே ஓடி வந்து, "பீச்சே நஹீ, ஆண்டி, பீச்சே நஹீ!" என்று கத்துவான். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. பீச்சாங்காலை ஊன்றாதே என்கிறான். உடனே இடது காலிலிருந்து பாரத்தை எடுத்து வலது காலுக்குக் கொடுப்பாள். அவனும் "குட், குட்" என்பான். டீக்கடைக்கு வந்ததும் அதிசயமாகச் சொன்னாள்: "ஏங்க, இங்கயும் பீச்சாங்கால்னுதான் சொல்றாக. நம்ம பேச்சு எங்கிட்டெல்லாம் போயிருக்கு பாருங்க." குல்லாவுக்குள்ளிருந்து ஜெகதீஸ்வரன் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுகிறவர்.

மறுநாள் மதியம் வரை இதே கதை. இம்தியாஸுக்கே குழப்பம். சொன்னபடி பாரத்தைச் சரியாக முன்னால் வைக்கிற அம்மா ஏன் இப்படி விழுகிறார்? கடைசியில் அவன் ஜெகதீஸ்வரனை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தான். பலகையைக் கழற்றி, ரேணுகாதேவியை இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னான். அவளுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளும்படி அங்கிளுக்கு ஜாடை காட்டினான். வயதில் மூத்த பெண்ணைத் தான் தள்ளுவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பான்.

அங்கிள் யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைத் தள்ளியதில்லை. அதற்கு நல்ல குணம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வாத்தியார் சொல்கிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டார். ரேணுகாதேவி தடுமாறி, விழாமலிருக்க ஒரு காலைச் சட்டென்று முன்னால் வைத்து நின்றாள்.

இடது கால்.

"தேகோ, லுக்!" என்றான் இம்தியாஸ், களவைக் கண்டுபிடித்தவன் மாதிரி. இன்னொரு தடவை தள்ளச் சொன்னான். ஜெகதீஸ்வரன் இந்த முறை யோசிக்கவில்லை. மறுபடியும் இடது கால். ஆளுக்கு ஆள் உடம்பு தானாக முன்னால் அனுப்புகிற கால் ஒன்று உண்டு. பலகையில் முன்னால் நிற்க வேண்டியது அதுதான் என்று அவன் கையாலும் காலாலும் விளக்கினான். பலகையைத் திருப்பிப் போட்டு, இடது காலை வைக்கச் சொன்னான்.

ரேணுகாதேவி வைக்கவில்லை. பனியில் உட்கார்ந்துகொண்டு பலகையைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத விஷயம். அதைப் போய் பீச்சாங்காலை முன்னால் வைத்து ஆரம்பிப்பதா? அதே சமயம் நாளை மதியம் ஸ்ரீநகருக்குக் கீழே இறங்க வேண்டும். விழாத வீடியோ இல்லாமல் இறங்கினால், ஊரில் அந்தக் காலை நேரம் காலியாகவே கிடக்கும். பாதியில் ஒருத்தர் போனது போனதுதான். சகுனம் பார்க்காத பெண்மணி கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்து, ஒரு சமரசம் கண்டுபிடித்தாள். உட்கார்ந்த நிலையிலேயே பட்டைகளைக் கட்டலாம் அல்லவா? முதலில் வலது காலைப் பின்பட்டையில் வைத்துக் கட்டினாள். அப்புறம்தான் இடது கால். ஆரம்பம் சோத்தாங்காலில், பயணம் பீச்சாங்காலில். எந்தக் காலை முதலில் கட்டினாலும் இம்தியாஸுக்கு ஒன்றுதான்.

எழுந்து நின்றதும் வித்தியாசம் தெரிந்தது. பலகை அவள் சொன்னதைக் கேட்டது. கொஞ்சம் வேகம் எடுத்தது. வழக்கம்போல அவன், "பீச்சே நஹீ!" என்றான். வழக்கம்போல அவள் பீச்சாங்காலிலிருந்து பாரத்தை எடுத்தாள். இப்போது பீச்சாங்கால் முன்னால் இருந்தது. பாரம் மொத்தமும் பின்னால் போய், வானத்தைப் பார்த்து விழுந்தாள். திரும்ப எழுந்தாள், அவன் இன்னும் பலமாகக் கத்தினான், அவள் இன்னும் நன்றாகக் கேட்டு நடந்தாள், இன்னும் பலமாக விழுந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கக் கேட்க நிலைமை மோசமானது.

டீக்கடைக்கு வந்து பொருமினாள். காலை மாற்றிக் கட்டிவிட்டு, கட்டின காலையே ஊன்றாதே என்கிறானே, இவன் என்ன வாத்தியார் என்றாள். அப்போது வெயில் ஏறியிருந்ததால் ஜெகதீஸ்வரன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"என்னன்னு சொல்றான்?"

"பீச்சாங்கால் வேணாங்கிறான். பீச்சே நஹீ, பீச்சே நஹீங்கிறான்."

ஜெகதீஸ்வரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆபீசில் வருஷா வருஷம் நடக்கிற இந்தி வாரத்தில், பார்த்து எழுதும் போட்டியில் எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கியவர் அவர்.

"பீச்சேன்னா பின்னாடின்னு அர்த்தம், ரேணுகா. பின்னாடி சாயாதங்கிறான்."

"இதச் சொல்ல ரெண்டு நாளா?"

"குல்லா போட்டிருந்தேன்," என்றார் அவர். அதில் பொய் இல்லை.

கணக்கு இப்போதுதான் அவளுக்கு நேரானது. வலது கால் முன்னால் இருந்தவரை பின்காலும் பீச்சாங்காலும் ஒன்று. ஆகவே தப்பாகப் புரிந்துகொண்டதெல்லாம் சரியாகவே நடந்தது. காலைத் திருத்தியதும் மொழி காலை வாரிவிட்டது. ஒரு தப்பு இருந்தவரை இன்னொரு தப்பு வெளியே தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இம்தியாஸ் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

கடைசி நாள் காலை. மேலே ஏறி உட்கார்ந்து, சோத்தாங்காலைக் கட்டி, பீச்சாங்காலைக் கட்டினாள். கீழே கொடியருகே ஜெகதீஸ்வரன் போனை உயர்த்திப் பிடித்து நின்றார். அதற்காகக் கையுறையைக் கழற்றியிருந்தார், அதை ஒரு தியாகம் என்றே சொல்ல வேண்டும். அவள் எழுந்தாள். பலகையின் மூக்கு கீழ்நோக்கித் திரும்பியது. "பீச்சே நஹீ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன்காலில் அழுத்தினாள். காற்று காதில் இரைந்தது. வேகம் கூடியபோது பயம் வரவில்லை. வலது கால் தானாகப் பின்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தியது, வேகம் மட்டுப்பட்டது. இத்தனை வருஷம் பிரேக் மிதித்த கால் அது. அதைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி வைத்திருந்தோமே என்று தோன்றியது. அது உண்மையான காரணமா என்பது வேறு விஷயம். இறங்குகிறவளுக்கு அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது. கொடியைத் தாண்டினாள். நிற்பது எப்படி என்று யோசிப்பதற்குள் ஜெகதீஸ்வரனையும் தாண்டி, அவருடைய நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

விழவில்லை.

ஜெகதீஸ்வரன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை கறுப்பாக இருந்தது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும் என்று இம்தியாஸ் பிறகு விளக்கினான். டீக்கடையில் சார்ஜ் போட்டுப் பார்த்தால், அவள் எழுந்து நின்று பலகையைத் திருப்புவது வரை இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் அவர் நாற்காலியிலிருந்தே எடுத்திருந்த, அவள் விழுந்ததெல்லாம் ஒன்று விடாமல், மிகத் தெளிவாக இருந்தது. இன்னொரு தடவை இறங்க நேரமில்லை. கீழே போகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் இருந்ததையெல்லாம் அப்படியே டீச்சருக்கு அனுப்பச் சொன்னாள். வண்டியில் ஏறி, கால் வலிக்க வலிக்க, வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

டீச்சரிடமிருந்து பதில் வரவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலை ரேணுகாதேவி ஸ்கூலின் ஷட்டரைத் தூக்கியபோது, உரக்கடைப் படியில் கைப்பையோடு அவரே உட்கார்ந்திருந்தார்.

"விழுந்ததெல்லாம் இருக்கு. விழாம வந்தது மட்டும் இல்லையே, ரேணுகா?"

"பேட்டரி தீந்துருச்சு டீச்சர்."

"சாட்சி?"

"எங்க வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரரு சாட்சி செல்லாது," என்றார் டீச்சர். ஆனாலும் எழுந்தார். அந்த வீடியோவை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகவும், கணக்கு டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனதாகவும், இவ்வளவு விழுந்தவள் சொல்லிக்கொடுத்தால் தானும் கேட்கலாம் என்று தோன்றியதாகவும் நடந்துகொண்டே சொன்னார்.

ரேணுகாதேவி கதவைத் திறந்து பிடித்தாள். டீச்சர் சேலையை ஒதுக்கி, பல்லைக் கடித்து, வலது காலைத் தூக்கினார்.

"டீச்சர், எந்தக் கால் முன்னாடி வருதோ அத வைங்க."

டீச்சர் தூக்கிய காலோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, சட்டத்த மாத்திட்டியா?"

"ஒங்களுக்கு மட்டும்."

டீச்சர் இடது காலை உள்ளே விட்டு, அலுங்காமல் உட்கார்ந்தார். முகம் கோணவில்லை. ரேணுகாதேவி காரைச் சுற்றிக்கொண்டு தன் பக்கத்துக்கு வந்தாள். சொல்லிக்கொடுப்பவர் உட்காருவது இடப்பக்கம். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே போயிருந்தது வலது கால். இந்தப் பக்கத்துக் கதவில் வலது கால்தான் தானாக வரும். சட்டம் போட்ட நாளிலிருந்து அவள் தினமும் இந்தக் கதவு வழியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"ஏறலையாம்மா?" என்றார் டீச்சர்.

"ஏறிட்டேன்," என்று உட்கார்ந்தாள்.

கண்மாய்க் கரை ஏற்றத்தில் டீச்சர் வண்டியை நிறுத்தினார். ஆடுகள் அன்றைக்கும் வந்திருந்தன. ரேணுகாதேவி தன் பக்கத்து பிரேக்குக்கு மேல் காலை வைத்துக்கொண்டாள். 'சிம்பிள்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கண்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறியது. வண்டி ஒரு நடுக்கம் நடுங்கி, பின்னால் உருளாமல், மெல்ல மேலேறிக் கரையின் தலைக்கு வந்தது.

டீச்சர் ஸ்டியரிங்கை விடாமல், நேரே பார்த்தபடி கேட்டார்.

"இத யாராச்சும் வீடியோ எடுத்தாகளா?"